பழைய நோய்கள்: இல்லை

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். "நிரப்புக மேடம் எங்கே?" என்று கேட்டால் மட்டும் வாசல் காவலாளிகூடக் கீழ்த்தளத்துக்குக் கையைக் காட்டுவார். பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று ஒரு பகுதி வருமே, அதிலிருந்து பிறந்த பட்டம் அது. எலும்பு டாக்டர் ஒருவர் எரிச்சலில் வைத்தார், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

அவளுடைய வேலை அப்படி. ஒரு நோயாளி வீட்டுக்குப் போனதும் அவருடைய கணினிப் பதிவு கீழ்த்தளத்து மருத்துவப் பதிவறைக்கு வரும். அவருக்கு என்னென்ன நோய் என்பதெல்லாம் நோய்ப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று அவள் பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் குறியீட்டு எண் போட்டுப் பதிவை முடிக்க வேண்டும். ஏறாவிட்டால் டாக்டருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். டாக்டர்கள் எதற்கு ஆபரேஷன் செய்தார்களோ அதை ஒழுங்காக எழுதிவிடுவார்கள். அந்த ஆளுக்குச் சர்க்கரை இருந்தது, சிறுநீரகம் பாதி பழுதாகியிருந்தது என்பதெல்லாம் வீட்டுக்கு அனுப்பும்போது எழுதும் கடிதத்தின் நடுவில் எங்கேயாவது ஒளிந்துகொண்டிருக்கும். பட்டியலில் ஏறாது. "மேடம், கடிதத்துல இருக்கே, படிச்சா தெரியுமே" என்பார்கள். "அடுத்து பார்க்கிற டாக்டர் கடிதம் படிக்க மாட்டார் சார், பட்டியலைத்தான் பார்ப்பார்" என்பாள் இவள். சாப்பாட்டு அறைக்குத் தேடிப்போய்ப் பிடிப்பாள். ஒரு தடவை கழிவறை வாசலிலேயே காத்து நின்றிருக்கிறாள்.

இருபத்திரண்டு வயதில் அங்கே சேர்ந்தவள். அப்போது கணினி கிடையாது. தரையிலிருந்து கூரை வரை காகிதக் கோப்புகள், ஏணி, தும்மல். எந்தக் கையெழுத்து எந்த டாக்டருடையது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். எல்லாம் கணினிக்கு மாறியபோது வயது நாற்பது. கூடவே வேலை பார்த்த மூன்று பேர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். இவள் மட்டும் ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போய்க் குறியீட்டுப் பரீட்சை எழுதித் தேறினாள். பஸ் ஓட்டுநரான அவளுடைய கணவர் அந்த ஆறு மாதமும் சமையலை ஏற்றுக்கொண்டதாக இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்வார். உண்மையில் ஆறு மாதமும் முட்டையும் ரொட்டியும்தான்.

இந்தக் கதை அவளுடைய நாற்பத்தாறாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்குச் சோதனை வேலை. முடித்து வைத்த பழைய பதிவுகளில் நாற்பதைக் கணினி தானாகப் பொறுக்கிக் கொடுக்கும். கடிதங்களில் உள்ள நோய்கள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டு, நூற்றுக்கு எத்தனை என்று மேலிடத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அன்றைக்குப் பதினோராவதாக வந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு பதிவு. ஆண், ஐம்பத்தாறு வயது, லிஃப்ட் மெக்கானிக். பட்டியலில் ஒரே ஒரு வரி: நிமோனியா, குணமாகிவிட்டது.

கடிதத்திலும் நிமோனியாதான். சரி என்று குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். ஆனால் 'பிற ஆவணங்கள்' என்ற பெட்டியில் ஒரு ஸ்கேன் செய்த தாள் கிடந்தது. அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. சம்மதக் கையெழுத்து, ஆம்புலன்ஸ் சீட்டு, சாப்பாட்டுப் பட்டியல் என்று கண்ட குப்பையும் அதில்தான் போய் விழும். இவள் திறந்தாள்.

சுரப்பி நோய் நிபுணர் ஒருவர் கையால் எழுதிய ஆலோசனைத் தாள். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி. அவர் ஓய்வு பெற்றுப் போய் ஒரு வருஷமாகிறது. ஆனாலும் அந்தக் கையெழுத்து அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'அட்ரினல் சுரப்பி செயலிழந்துள்ளது. வாழ்நாள் முழுக்க ஸ்டீராய்டு மாத்திரை தேவை. ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. வாந்தி, காய்ச்சல், விபத்து எது வந்தாலும் உடனே ஊசியாகக் கொடுக்க வேண்டும். தவறினால் உயிருக்கு ஆபத்து.' கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

"நாசமாப் போச்சு" என்று வாய்விட்டே சொன்னாள். இவ்வளவு பெரிய நோய் பட்டியலில் இல்லை. திருப்பி அனுப்புவதற்காக நோயாளியின் முதல் பக்கத்துக்குப் போனபோதுதான் அதைக் கவனித்தாள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அந்த ஆள் இப்போது, இந்த நிமிஷம், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று அர்த்தம். மூன்றாவது மாடி, ஏழாம் படுக்கை.

இன்றைய பதிவைத் திறந்தாள். காலை ஆறு மணிக்கு வேலை செய்த இடத்திலிருந்து ஆம்புலன்சில் வந்திருக்கிறார். நேற்றிலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு. ரத்த அழுத்தம் மிகக் குறைவு. மயக்கநிலை, கேட்பதற்குப் பதில் இல்லை. தனியாக வசிப்பவர், கூட வந்த சக தொழிலாளிக்கு விவரம் எதுவும் தெரியவில்லை. குடலில் கிருமித் தொற்று என்று சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, பெரிய எழுத்தில்:

பழைய நோய்கள்: இல்லை.

அந்த 'இல்லை'யை எந்த மனிதரும் எழுதவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நடந்துகொண்டிருக்கும் நோய் என்று பட்டியலில் ஒன்றும் இல்லாவிட்டால் கணினி தானாகவே 'இல்லை' என்று காட்டிவிடும். இரண்டு வருஷமாக அதைப் பற்றி மூன்று கடிதம் எழுதியிருக்கிறாள். மூன்றும் கிணற்றில் போட்ட கல்.

போனை எடுத்து வார்டு எண்ணை அழுத்தினாள். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. தாளை அச்சிடக் கொடுத்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை மக்கர் செய்யும் பிரிண்டர் அன்றைக்கு முறுக்கிக்கொள்ளாமல் துப்பியது. லிஃப்ட் வாசலில் இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் காத்திருந்தன. படியில் ஏறினாள். முழங்கால் வலிக்கு டாக்டர் மாடிப்படி கூடாது என்று சொல்லி இரண்டு மாதமாகவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். 'ஒருவேளை இதற்குள் அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள்' என்று மனசு சொன்னது. அந்தச் சமாதானத்தை அவள் நம்பவில்லை.

ஏழாம் படுக்கையைச் சுற்றித் திரை பாதி இழுத்திருந்தது. டியூட்டி டாக்டர் ஒரு கையில் போனும் ஒரு கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டுமாக நின்றிருந்தார். நல்ல வேலைக்காரர். ஆனால் நிரப்புக மேடத்துக்குப் பதினாலு பதிவு பாக்கி வைத்திருப்பவர். அவளைக் கண்டதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"மேடம், சத்தியமா சாயங்காலம் எல்லாத்தையும் போட்டுடறேன். இப்ப நிக்கக்கூட நேரமில்ல."

"நான் அதுக்கு வரல டாக்டர். இந்தப் பேஷன்டுக்கு..."

"சிஸ்டர், இன்னொரு பாட்டில் வேகமா விடுங்க. ஐசியூல பெட் இருக்கான்னு கேட்டீங்களா?"

"டாக்டர், ஒரு நிமிஷம்."

"மேடம், தயவு செஞ்சு. பிரஷர் அறுபத்தெட்டுல நிக்குது. உங்க கோடிட்ட இடத்தையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்."

அதுவரை அந்தப் பட்டத்தைக் கேட்டு அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆறு வருஷம் எல்லாரையும் துரத்தித் துரத்தி நச்சரித்ததற்குப் பலன், அவள் வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் இவர்களுக்கு வந்துவிட்டது. அவர் நகர முயன்றார். அவள் மருந்து வண்டிக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இதைப் படிங்க. படிச்சுட்டு என்னைத் திட்டுங்க. மேலிடத்துல புகார்கூடக் கொடுங்க. முதல்ல படிங்க."

தலைமை நர்ஸ் திரும்பிப் பார்த்தார். இருபது வருஷப் பழக்கம். இவள் குரல் உயர்ந்து அவர் கேட்டதில்லை. "டாக்டர், படிச்சுடுங்க" என்றார் மெதுவாக.

அவர் தாளை வாங்கினார். முதல் இரண்டு வரி புரியாமல் கண்ணைச் சுருக்கினார். அவளே விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். அவர் முகத்திலிருந்த எரிச்சல் வடிந்து போனது. ஆனால் உடனே தலையை ஆட்டினார்.

"கம்ப்யூட்டர்ல பழைய நோய் எதுவும் இல்லைன்னு இருக்கே. நானே பார்த்தேனே."

"இல்லைன்னு யாரும் எழுதல டாக்டர். யாரும் எதுவும் எழுதலைன்னா அதுவா 'இல்லை'ன்னு காட்டும்."

"சரி, இது இவரோட தாள்தான்னு என்ன நிச்சயம்? போன மாசம் ஒரு கர்ப்பிணியோட ஸ்கேன் ரிப்போர்ட் எழுபது வயசுத் தாத்தா பதிவுல கிடந்துச்சுன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க?"

அவளுக்குச் சுரீர் என்றது. உண்மைதான். தாளின் தலையில் பதிவு எண் கையால் எழுதப்பட்டிருந்தது. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. பெயர் எழுதும் இடத்தில் ஒரு துளி மருந்து விழுந்து மை கலைந்திருந்தது. வேறொருவரின் தாள் இவர் பெட்டியில் விழுந்திருந்தால்? கிருமித் தொற்றில் கிடக்கும் ஆளுக்குத் தப்பான மருந்தைப் போட வைத்த பழி அவள் தலையில் விடியும். அதைவிட, உண்மையான காரணத்தைத் தேடுவதை விட்டுவிடுவார்கள்.

"பெரிய டாக்டரைக் கேளுங்களேன்."

"அவர் எண்டோஸ்கோப்பியில இருக்கார். ரெண்டு தடவை போன் பண்ணியாச்சு."

கட்டிலில் கிடந்தவரின் மூச்சு சிறிதாக, அவசரமாக இருந்தது. வாய் உலர்ந்து வெடித்திருந்தது. மானிட்டர் 'அறுபத்தாறு' என்று காட்டிவிட்டு அடுத்த தடவை எண்ணே காட்டாமல் வெறும் கோடு போட்டது. நர்ஸ் அவர் கையில் கட்டியிருந்த பிரஷர் பட்டையை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

அவள் தாளின் நடுப்பகுதியை மறுபடியும் படித்தாள். இது வரை அவசரத்தில் தாண்டிப் போன ஒரு வரி. 'உள்ளங்கை ரேகைகளும் உதட்டின் உட்புறமும் கறுத்துள்ளன.'

"டாக்டர், இவர் உள்ளங்கையைப் பாருங்க."

"அதுலயா? மெக்கானிக் மேடம் அவர். கை முழுக்கக் கிரீஸ்."

தலைமை நர்ஸ் அவர் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துவிட்டார். வலது கையைத் திருப்பி அழுத்தித் துடைத்தார். பஞ்சு கறுப்பாக வந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் கறுத்தது. மூன்றாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. கிரீஸ் போய்விட்டது. ரேகைகள் மட்டும் மை வைத்து வரைந்தது போல அப்படியே இருந்தன.

டாக்டர் குனிந்து நோயாளியின் கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். உள்ளே திட்டுத் திட்டாகக் கறுப்பு. நிமிர்ந்தவர் கையிலிருந்த பரிசோதனைச் சீட்டை அப்போதுதான் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.

"வாந்தியும் போக்குமா இருந்தா பொட்டாசியம் குறையணும்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "இதுல ஏறியிருக்கு. ரத்தம் எடுத்ததுல தப்புன்னு நினைச்சு மறுபடி அனுப்பச் சொன்னேன். சோடியம் கீழ. சர்க்கரையும் கீழ..." பிறகு குரல் மாறியது. "சிஸ்டர், ஸ்டீராய்டு ஊசி, ஹைட்ரோகார்ட்டிசோன் நூறு. நேரா நரம்புல. இப்பவே."

நர்ஸ் ஊசி மருந்தை உடைக்கும் சத்தம் கேட்டது. அவள் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். வந்த வேலை முடிந்தது; கீழே போயிருக்கலாம். போகவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மானிட்டர் பட்டையை இறுக்கி, விட்டு, எண்ணைக் காட்டியது. அறுபத்தேழு. அறுபத்தைந்து. டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்ததா பயம் இருந்ததா என்று அவளுக்கு விளங்கவில்லை. எழுபது. எழுபத்தெட்டு. அரை மணி நேரம் கழித்து எண்பத்தெட்டு. தொண்ணூற்றாறு வந்தபோது கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், "தண்ணி" என்றார்.

தலைமை நர்ஸ் அவள் தோளைத் தொட்டு, "போய் உட்காருங்க, ரொம்ப நேரமா நிக்கறீங்க" என்றார். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

கீழே வந்ததும் சம்பவ அறிக்கைப் படிவத்தைத் திறந்தாள். இந்த மாதிரி தவறு தெரியவந்தால் அன்றைக்கே எழுதியாக வேண்டும் என்பது விதி. என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, எல்லாம் எழுதினாள். ஒன்பதாவது கேள்வி: முழுமையாகாத பதிவை முடித்து வைத்தவர் யார்? அதைப் பார்ப்பதற்காகப் பழைய பதிவின் அடியிலிருந்த சிறிய எழுத்துகளைப் பெரிதாக்கினாள்.

அவளுடைய ஊழியர் எண்.

முதலில் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்தாள். பிறகு தேதியைப் பார்த்தாள். ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மென்பொருளை மாற்றிய வாரம். பழையதில் தேங்கிக் கிடந்த பதிவுகளை எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் முடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் புதியதற்குப் போகாது என்றார்கள். 'முதல் வரி நோய் இருந்தால் போதும், எதையும் டாக்டருக்குத் திருப்ப வேண்டாம், இணைப்புகளைத் திறக்க வேண்டாம்' என்று துறைத் தலைவர் வாய்மொழியாகச் சொன்னார். அவள் முடியாது என்று ஒரு நாள் முழுக்க ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள். அடுத்த நாள் மற்றவர்கள் மடமடவென்று முடிப்பதைப் பார்த்துவிட்டு அவளும் உட்கார்ந்து முடித்தாள். வியாழக்கிழமை மட்டும் நூற்றுப் பத்து. அந்த நூற்றுப் பத்தில் இவர் ஒருவர்.

ஊரையெல்லாம் நிரப்பச் சொன்னவள் அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு மூடிய பதிவு.

வேறு யாரிடமும் காட்டாமல் அறிக்கையை அச்சிட்டுத் துறைத் தலைவரின் அறைக்கு எடுத்துப் போய், பதிவை முடித்தது தான்தான் என்று சொன்னாள். மோசமான மனிதர் இல்லை அவர். அவளுடைய மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது கேள்வி கேட்காமல் விடுப்புக் கொடுத்தவர். அறிக்கையைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"நல்ல வேலை செஞ்சிருக்கீங்க. ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க. இந்த ஒன்பதாவது கேள்விய மட்டும் விட்டுடுங்களேன்."

"காலியாவா சார்?"

"அது கட்டாயக் கேள்வி இல்ல. காலியா இருந்தாலும் படிவம் போகும். நான் பார்த்துட்டேன்."

"அந்த வாரம் முடிச்சது எல்லாம் இப்படித்தான் இருக்கும் சார். நான் முடிச்சது மட்டும் நானூறுக்கு மேல."

"அதனாலதான் சொல்றேன். உங்க பேர் வந்தா என் பேரும் வரும். அப்புறம் எல்லாத்தையும் தோண்டுவாங்க. ஆள் பிழைச்சுட்டார் இல்ல? பூசி மெழுகச் சொல்லல. பெரிசாக்க வேண்டாம்னு சொல்றேன்."

அவள் அறிக்கையை வாங்கிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினாள். பதினைந்து நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவருக்குப் போன் செய்தாள். அவர் பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"வேலை போயிடுமா?" என்றார்.

"தெரியல. போகலாம்."

"இங்க பாரு, வண்டி இடிச்சா டிரைவர் இறங்கிப் பார்க்கணும். பார்க்காமப் போனாத்தான் எங்க ஆளுங்க சும்மா விட மாட்டாங்க." பிறகு, "முட்டை சமைக்க எனக்கு இன்னும் மறக்கல" என்றார்.

அவள் ஒன்பதாவது கேள்விக்கு நேரே தன் ஊழியர் எண்ணை எழுதினாள். அதற்குக் கீழே, அந்த வாரம் தான் முடித்த அத்தனை பதிவுகளையும் மறுபடி திறக்க அனுமதி வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகு முகம் கழுவப் போனாள்.

விசாரணை மூன்று வாரம் இழுத்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் அவள். "திறக்க வேண்டாம் என்று எழுத்தில் உத்தரவு இருந்ததா?" என்று கேட்டார்கள். இல்லை என்றாள். "அப்படியானால் நீங்களாகத்தானே செய்தீர்கள்?" என்றார்கள். ஆமாம் என்றாள். துறைத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவள் அவரைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. கேட்டதற்கு நடந்ததைச் சொன்னாள். கடைசியில் அவரே எழுந்து, "நான்தான் வாய்ல சொன்னேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதிவுகளைத் திறக்க அனுமதியும் வந்தது, அலுவலக நேரத்துக்கு வெளியே என்ற நிபந்தனையோடு. கணினி இனிமேல் 'இல்லை' என்று தானாகக் காட்டாது, 'பதியப்படவில்லை' என்று காட்டும் என்று முடிவாயிற்று; அது நடைமுறைக்கு வர இன்னும் நாலு மாதம் ஆனது.

இதற்கிடையில் லிஃப்ட் மெக்கானிக் தேறிவிட்டார். ஆறாம் நாள் வீட்டுக்குப் போகுமுன் அவளைப் பார்க்க வேண்டும் என்றாராம். அவள் பயந்துகொண்டேதான் மேலே போனாள். மனிதர் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானா அது? உட்காருங்க. நான் பண்ணின கூத்தச் சொல்றேன். உடம்பு நல்லாத்தானே இருக்குன்னு நாலு மாசமா மாத்திரைய உடைச்சுப் பாதி பாதியாப் போட்டேன். பழுதான லிஃப்டுல போர்டு மாட்டுவோம். என் கழுத்துல ஒண்ணு மாட்டியிருக்கணும்."

"மாட்ட வேண்டியது என் வேலை" என்றாள் அவள். தயங்கினால் சொல்ல முடியாது என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க பதிவை முடிச்சது நான்தான். அந்தத் தாளைத் திறந்து பார்க்காம முடிச்சேன். பார்த்திருந்தா நீங்க வந்த அஞ்சாவது நிமிஷம் ஊசி போட்டிருப்பாங்க."

அவர் ஆரஞ்சை வைத்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"இப்ப எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"காட்டுங்க."

அவள் வார்டுக் கணினியைத் திருப்பிக் காட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்து முடித்துத் தலையை ஆட்டினார். பரவாயில்லை என்றோ மன்னித்துவிட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். தினமும் வேலை முடிந்து இரண்டு மணி நேரம். தாள்களை ஸ்கேன் செய்யும் பிரிவு அண்ணன் ஒருவர், கேட்காமலே வந்து உட்கார்ந்து இணைப்புகளைத் திறந்து கொடுத்தார். ஏழு வாரமானது. பெரிய நோய்கள் விடுபட்டவை முப்பத்தொன்று. டாக்டர்கள் பட்டியலைச் சரிசெய்தார்கள். நோயாளிகளைக் கூப்பிட்டுச் சொல்லும் பொறுப்பை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெரும்பாலானவர்கள் "அது எங்களுக்குத் தெரியுமே" என்றார்கள். சிலர் திடுக்கிட்டார்கள். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

பத்தொன்பதாவது எண்ணில் போனை எடுத்தது ஒரு பெண்.

"அம்மாவா? அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு. எதுக்குக் கேட்கறீங்க?"

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம். பித்தப்பைக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். பட்டியலில் பித்தப்பைக் கல் மட்டுமே இருந்தது.

"எப்படிப் போனாங்கன்னு கேட்கலாமா?" என்றாள்.

"திடீர்னு வயித்து வலி. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. மாரடைப்புன்னாங்க. நீங்க யாரு?"

'பதிவைச் சரிபார்க்கிறோம், வருத்தம்' என்று சொல்லி வைத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் தான் யார் என்று சொன்னாள். தாளில் இருந்ததைச் சொன்னாள். தான் செய்ததையும் சொன்னாள். மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

மூன்றாம் நாள் மதியம் அந்தப் பெண் கீழ்த்தளத்துக்கே வந்துவிட்டாள். முப்பது வயதிருக்கும். நின்றபடியே, "எங்கம்மா பதிவு முழுசும் எனக்கு வேணும். நீங்களே படிச்சுச் சொல்லணும்" என்றாள். அந்தப் பெண்ணின் பெரியப்பா வாசலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். திரையை இருவரும் பார்க்கும்படி திருப்பினாள். முதல் பக்கத்திலிருந்து தொடங்கி வரி வரியாகப் படித்தாள். புரியாத சொல்லை நிறுத்தி விளக்கினாள். ஸ்கேன் தாள் வந்ததும் அந்தப் பெண்ணே முந்திக்கொண்டு படித்தாள். அந்த வீக்கம் வெடித்துத்தான் அம்மா இறந்தாளா என்று கேட்டாள்.

"நிச்சயமாச் சொல்ல யாராலயும் முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்திருப்பாங்க. ஆபரேஷன் செஞ்சிருக்கலாம்."

அந்தப் பெண் அழுதாள். பெரியப்பா உள்ளே வந்து தலையில் கை வைத்தார். இவள் எழுந்து வெளியே போய்விடவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அழுகை ஓய்ந்ததும் அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "புகார் கொடுக்கப் போறேன். உங்க மேலயும்தான்" என்றாள்.

"கொடுங்க. எந்தெந்தப் பக்கம் வேணும்னு நான் குறிச்சுத் தரேன்."

புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு தடவையும் போய் அதையே சொன்னாள். வேலை போகவில்லை, பதவி உயர்வுதான் நின்றுபோனது. மீதிப் பன்னிரண்டு எண்களையும் அந்த வாரமே கூப்பிட்டு முடித்துவிட்டாள். டியூட்டி டாக்டர், மெக்கானிக் வீட்டுக்குப் போன மாதக் கடைசியிலேயே, பாக்கி வைத்திருந்த பதினாலு பதிவையும் அவரே கீழே இறங்கி வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.